ரைசன் 9 எடிட்டிங் கணினி: 42,000 ரூபாய் மதர்போர்டு தேவைதானா?

சாலிகிராமத்து எடிட்டர் | ஞாயிறு, இரவு 11.20

அனைவருக்கும் வணக்கம். சாலிகிராமத்தில் சின்னதாக ஓர் எடிட்டிங் அறை வைத்திருக்கிறேன். சோறு போடுவது திருமண வீடியோ, ஆசைக்குக் குறும்படம். எட்டு வருடம் உழைத்த கணினி, போன வைகாசியில் ஒரு ரிசப்ஷன் வீடியோவை ரெண்டர் செய்யும்போது (எடிட் செய்ததை இறுதி வீடியோவாக்கும்போது) மூன்று முறை பாதியில் நின்றுபோனது. மணப்பெண்ணின் அப்பா நாளுக்கு இரண்டு முறை அழைத்து விசாரித்தார். இனி ஒட்டுப்போட்டுப் பயனில்லை.

ப்ராசஸர் ரைசன் 9 9950எக்ஸ். கிராபிக்ஸ் அட்டை ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ. இவற்றில் குழப்பம் இல்லை. மதர்போர்டில்தான் தலை சுற்றுகிறது. சனிக்கிழமை ரிச்சி தெருவில் நான்கு கடை ஏறி இறங்கினேன். ஒருவர் எக்ஸ்870இ போர்டு ஒன்றை 42,000 ரூபாய்க்குக் காட்டி, ரைசன் 9க்கு இதற்குக் கீழே எதைப் போட்டாலும் கருகிவிடும் என்றார். பக்கத்துக் கடையில் பி650 போர்டு 16,000. அவரோ எல்லாம் ஒன்றுதான், வண்ண விளக்கு எரிவதற்குத்தான் கூடுதல் விலை என்கிறார். இருவரும் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யாததுதான் குறை.

நான் மாட்டப்போவது: எம்.2 எஸ்எஸ்டி (போர்டிலேயே செருகும் சின்னச் சேமிப்பு அட்டை) மூன்று. நிறம் பார்க்கும் மானிட்டருக்குத் தனியாக வீடியோ அனுப்பும் அட்டை ஒன்று. நாஸ் பெட்டிக்கு (நெட்வொர்க்கில் இணைத்த சேமிப்புப் பெட்டி) 10 ஜிகாபிட் நெட்வொர்க் அட்டை ஒன்று. ரேம் 96 ஜிபி. அறையில் ஏசி உண்டு. ஆனால் இரவில் ரெண்டரை ஓடவிட்டு ஏசியை அணைத்துவிட்டுத்தான் படுப்பேன். கரண்ட் பில் அப்படி. 42,000 கொடுத்துத்தான் ஆக வேண்டுமா?


கோடம்பாக்கம் பாலத்தடி | ஞாயிறு, இரவு 11.48

கருகாது. ஆனால் இரண்டாவது கடைக்காரர் சொன்னதும் பொய். போர்டுகளின் முழு மாடல் பெயரை எழுதுங்கள். பி650 என்பது போர்டில் உள்ள சிப்செட்டின் (மற்ற பாகங்களை ப்ராசஸரோடு இணைக்கும் சிப்) பெயர்தான். ஊர் பெயர் மாதிரி, வீட்டு முகவரி ஆகாது.


அண்ணா நகர் மேற்கு | திங்கள், காலை 7.05

தொழிலுக்கு வாங்குகிறீர்கள், யோசிக்காதீர்கள். பெரியதையே வாங்கிவிடுங்கள். இந்தப் போர்டுகளில் ப்ராசஸர் உட்காரும் ஏஎம்5 சாக்கெட் 2022இல் வந்தது. 2027வரையும் அதற்கு மேலும் ஆதரவு உண்டு என்று ரைசனைத் தயாரிக்கும் ஏஎம்டி சொல்லியிருக்கிறது. பின்னால் ப்ராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். நல்ல போர்டு என்றால் ஒரே முறை செலவு.


மூன்றாவது மாடி | திங்கள், காலை 9.30

அண்ணா நகர் நண்பர் சொல்லும் சாக்கெட் கணக்கு சரி. ஆனால் அது 42,000 போர்டுக்கு மட்டும் உள்ள வரம் அல்ல. 16,000 போர்டும் அதே ஏஎம்5தான். விலைக்கு வேறு காரணம் இருக்க வேண்டும். இருக்கிறதா என்று பார்ப்போம்.

எடிட்டர் தம்பி, நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: நான் மாட்டும் ஆறு பொருளுக்கும் இந்தப் போர்டில் வழி இருக்கிறதா? துளை இருப்பது வேறு, வழி இருப்பது வேறு.

உங்கள் ப்ராசஸரில் 28 பிசிஐஇ பாதைகள் (தரவு போய்வரும் தடங்கள்) உள்ளன. அதில் 4 சிப்செட்டுக்குப் போய்விடும். மீதி 24. கிராபிக்ஸ் அட்டைக்கு 16, முதல் எம்.2க்கு 4. கடைசியாக ஒரு 4 மிஞ்சுகிறது. அதை யாருக்குக் கொடுப்பது என்பதில்தான் போர்டுக்குப் போர்டு வேறுபாடு. சிலர் இரண்டாவது எம்.2க்குக் கொடுப்பார்கள். எக்ஸ்870, எக்ஸ்870இ போர்டுகளில் யூஎஸ்பி4 (வேகமான புது யூஎஸ்பி) கட்டாயம் என்பதால் பெரும்பாலும் அதற்குப் போய்விடும். அங்கே இரண்டாவது எம்.2 மாட்டினால் யூஎஸ்பி4க்குப் பங்கு குறையலாம். அல்லது கிராபிக்ஸ் அட்டையின் 16 பாதையில் 8ஐப் பிடுங்கி எம்.2க்குக் கொடுப்பார்கள்.

மற்றதெல்லாம் சிப்செட் வழியாகத்தான்: மூன்றாவது எம்.2, கீழே உள்ள நீள ஸ்லாட், சாட்டா (பழைய வகை வட்டு இணைப்பு), நெட்வொர்க், பெரும்பாலான யூஎஸ்பி. எக்ஸ்870இ போர்டில் இரண்டு சிப் இருக்கிறதே என்பார்கள். உண்மைதான். ஆனால் இரண்டாவது சிப் முதல் சிப்பின் வாலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. முதல் சிப்பிலிருந்து ப்ராசஸருக்குப் போகும் சாலை பிசிஐஇ 4.0இல் நான்கு பாதை மட்டும். நொடிக்குக் கிட்டத்தட்ட 8 ஜிபி. பி650இலும் அதே சாலைதான். உங்கள் ஊர்க் கணக்கில் சொன்னால், வளசரவாக்கத்தில் எத்தனை புதுத் தெரு திறந்தாலும் எல்லா வண்டியும் ஆற்காடு சாலையில்தான் வந்து சேர வேண்டும்.

இன்னொரு ரகசியம். எக்ஸ்870 (கடைசியில் ‘இ’ இல்லாதது) என்பது புதுச் சிப் அல்ல. பி650இ போர்டில் இருந்த அதே ஒற்றைச் சிப், கூடவே யூஎஸ்பி4. பெயர்ப் பலகை எக்ஸ் வரிசைக்கு ஏறியது, விலையும் கூட ஏறியது.

எனவே கடையில் பெட்டியைப் பார்க்காதீர்கள். தயாரிப்பாளர் தளத்தில் அந்த மாடலின் கையேடு இலவசமாகக் கிடைக்கும். ‘விரிவாக்க ஸ்லாட்’, ‘சேமிப்பு’ என்ற இரண்டு பகுதிகளுக்குக் கீழே பொடி எழுத்தில் நட்சத்திரக் குறி போட்டு நாலு வரி இருக்கும். ‘இதை மாட்டினால் அது வேலை செய்யாது’ என்பதெல்லாம் அங்கேதான். நீங்கள் திருமண வீடியோ எடுப்பவர். நட்சத்திரம் பார்க்காமல் முடிக்கலாமா?


சாலிகிராமத்து எடிட்டர் | திங்கள், பகல் 1.15

அண்ணா, இது புதுச் செய்தி. கையேடு என்பதைப் பெட்டிக்குள் வரும் மடித்த காகிதம் என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். இன்று இரவு உட்கார்ந்து படிக்கிறேன்.


ஓய்வுபெற்ற மின்பொறியாளர் | திங்கள், மாலை 6.40

கருகுமா என்ற கேள்விக்கு யாரும் கணக்குப் போடவில்லை. போட்டுவிடுகிறேன்.

9950எக்ஸ் பெட்டியில் 170 வாட் என்று இருக்கும். சாக்கெட் வழியாக அது இழுக்கக்கூடிய உச்சம் 230 வாட். ப்ராசஸருக்குப் போகும் மின்னழுத்தம் சுமார் 1.2 வோல்ட் என்று வைத்துக்கொண்டால், ஓடும் மின்னோட்டம் 190 ஆம்பியருக்கு மேல். வீட்டு வெல்டிங் மெஷினில் பார்க்கும் எண் இது. உள்ளங்கை அகலத்துக்குள் ஓடுகிறது. 12 வோல்ட்டை 1.2 ஆக இறக்கிக் கொடுப்பது சாக்கெட்டைச் சுற்றி வரிசையாக நிற்கும் விஆர்எம் பகுதி.

எட்டு ஃபேஸ் (அந்த வேலையைப் பங்கிட்டுக்கொள்ளும் தனித்தனிச் சுற்று) உள்ள போர்டில் ஒவ்வொன்றும் 24 ஆம்பியர் தாங்க வேண்டும். பதினாறு என்றால் 12. வெப்பம் மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. ஆகவே ஒவ்வொரு ஃபேஸிலும் கடத்தலால் வரும் சூடு நான்கில் ஒன்றாகும். எண்ணிக்கை இரட்டிப்பு என்பதால் மொத்தச் சூடு பாதி. சுவிட்ச் ஆகும்போது ஏற்படும் இழப்பு தனி; அது ஃபேஸ் கூடக் கூடச் சற்று ஏறும். எனவே 24 ஃபேஸ் என்று பெருமை பேசும் போர்டால் உங்களுக்குப் பெரிய லாபம் இல்லை. 12 முதல் 16 வரை, மேலே கனமான அலுமினியக் கட்டியோடு இருந்தால் போதும். கட்டி என்றால் கட்டி. வெறும் பிளாஸ்டிக் மூடியில் சின்னம் அச்சடித்திருப்பதைச் சூடு மதிக்காது.

மலிவு பி650 போர்டில் என் மகன் 16 கோர் ப்ராசஸர் போட்டான். கத்திரி வெயிலில், ஏசி இல்லாத அறையில், அரை மணி நேர ரெண்டரில் விஆர்எம் உணரி 101 பாகை காட்டியது. போர்டு கருகவில்லை. தன்னைக் காத்துக்கொள்ள ப்ராசஸரின் வேகத்தை இறக்கிவிட்டது. நள்ளிரவில் முடிய வேண்டிய வேலை விடியற்காலைவரை போனது. கடைக்காரர் கருகும் என்று சொன்னது இதைத்தான் போலிருக்கிறது. ஆனால் அதற்கு மருந்து 42,000 அல்ல.

பயாஸில் (போர்டின் அடிப்படை மென்பொருள்) ஈகோ மோட் என்று உண்டு. 105 வாட் நிலையில் வைத்தால் உச்சம் 142 வாட்டில் நிற்கும். ரெண்டர் கொஞ்சம் தாமதமாகும், அறை அடுப்பாகாது. ஏசி அணைத்துவிட்டுத் தூங்குகிறவர் முதலில் செய்ய வேண்டியது அது.


கோடம்பாக்கம் பாலத்தடி | திங்கள், மாலை 7.02

ஐயா கணக்கை அச்செடுத்து ரிச்சி தெருவில் ஒட்ட வேண்டும்.


பெசன்ட் நகர் உப்புக்காற்று | திங்கள், இரவு 8.30

இன்டெல் பற்றி யாருமே வாய் திறக்கவில்லையே. வீடியோ எடிட்டிங் என்றால் ஒரு காரணம் இருக்கிறது. இப்போதைய கேமராக்கள் பல 10 பிட் 4:2:2 நிறத்தில் (கூடுதல் நிற விவரத்தோடு) எச்.265 என்ற சுருக்கிய வீடியோ கோப்பாகப் பதிவு செய்கின்றன. இன்டெல்லின் உள்ளமைந்த கிராபிக்ஸ் அதை நேரடியாகப் பிரித்துக் கொடுக்கும். ரைசனில் உள்ளது கொடுக்காது. தவிர, இன்டெல்லுக்கான இசட்890 போர்டில் சிப்செட்டுக்கும் ப்ராசஸருக்கும் நடுவே எட்டுப் பாதை. மூன்றாவது மாடி அண்ணன் சொன்ன ஆற்காடு சாலை அங்கே இரு மடங்கு அகலம். தண்டர்போல்ட்டும் (வேகமான வெளி இணைப்பு) ப்ராசஸரிலேயே இருக்கிறது.


மூன்றாவது மாடி | திங்கள், இரவு 9.10

எட்டுப் பாதை விஷயத்தில் நீங்கள் சொல்வதை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். நாலைந்து எஸ்எஸ்டி ஒரே நேரத்தில் ஓடும் இடத்தில் இசட்890 நல்ல தேர்வு. அதையே பி860ஆக வாங்கினால் நான்கு பாதைதான், கவனம்.

4:2:2 பிரச்சினைக்கு இவர் வாங்கும் அட்டையிலேயே தீர்வு வந்துவிட்டது. ஆர்டிஎக்ஸ் 50 வரிசை 4:2:2ஐ வன்பொருளில் பிரிக்கும். முந்தைய 40 வரிசை அட்டை என்றால் நானும் உங்கள் கட்சிக்கு வந்திருப்பேன்.

மிஞ்சுவது சாக்கெட் ஆயுள். ஏஎம்4 2016இல் வந்தது. 2024இலும் அதற்குப் புது ப்ராசஸர் விட்டார்கள். இன்டெல்லில் 1851 சாக்கெட் 2024 அக்டோபரில்தான் வந்தது. அதற்கு முந்தைய 1700 மூன்று தலைமுறையோடு முடிந்தது.


குரோம்பேட்டை கணக்கர் | திங்கள், இரவு 10.25

எந்தப் போர்டாக இருந்தாலும் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள். என் சொந்தப் புண்.

இரண்டு வருடம் முன்பு ஏஎம்5 போர்டு வாங்கினேன். கடையிலேயே ப்ராசஸரை மாட்டித் தருகிறோம் என்றார்கள், சரி என்றேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் 64 ஜிபியில் 32 மட்டும் தெரிகிறது. ரேமை மாற்றி மாற்றிப் போட்டேன். நான்காவது ஸ்லாட்டில் எதைப் போட்டாலும் உயிர் இல்லை. கடைசியில் ப்ராசஸரைக் கழற்றி, மொபைல் டார்ச்சைச் சாய்வாக அடித்து, நகைக்கடைக்கார நண்பரின் பூதக்கண்ணாடியால் பார்த்தேன். 1718 பின்களும் நாற்று நட்ட வயல் மாதிரி ஒரே பக்கம் சாய்ந்து பளபளக்கின்றன. ஓரத்தில் ஒன்று மட்டும் எதிர்ப்பக்கம் படுத்திருக்கிறது. முடியைவிடக் கொஞ்சம் தடிமன் இருக்கும்; அவ்வளவுதான்.

பழைய ஏஎம்4இல் பின் ப்ராசஸரில் இருந்தது. இப்போது போர்டில் இருக்கிறது. பின் வளைந்தால் பயனர் சேதம் என்று சொல்லி உத்தரவாதத்தை மறுத்துவிடுகிறார்கள். சர்வீஸ் சென்டர்காரர் போர்டைக் கையில் வாங்கியதும் முதலில் கேட்டது, சாக்கெட் மேல் இருந்த கறுப்புப் பிளாஸ்டிக் மூடி எங்கே என்றுதான். அது கடையின் குப்பைத் தொட்டியில் போயிருக்கும். மூடி இல்லாமல் எடுத்துக்கொள்ளவே மாட்டோம் என்றார்கள். கடைக்காரர், நாங்கள் கொடுத்தபோது நன்றாக இருந்தது என்றார். நடந்து நடந்து செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம்.

ஆகவே: ஜிஎஸ்டி ரசீதில் போர்டின் சீரியல் எண் இருக்க வேண்டும். கடையை விட்டு இறங்கும் முன், அவர்கள் எதிரிலேயே மூடியைத் திறந்து சாக்கெட்டைப் படம் எடுங்கள். மூடியைப் பத்திரப்படுத்துங்கள்.


பெசன்ட் நகர் உப்புக்காற்று | திங்கள், இரவு 10.51

எங்கள் பக்கம் இன்னொன்றும் உண்டு. கடலுக்கு மூன்று தெரு தள்ளி இருக்கிறேன். இரண்டே மழைக்காலத்தில் பின்புற யூஎஸ்பி வாய்களில் பச்சைப் பூத்துவிட்டது. பயன்படுத்தாத வாய்களுக்கு ரப்பர் மூடி போட்டு வையுங்கள். சாலிகிராமத்துக்கு இந்தக் கவலை இல்லை, கொடுத்து வைத்தவர்கள்.


அண்ணா நகர் மேற்கு | செவ்வாய், காலை 7.15

கேபினட்டைத் தொட்டால் சுரீர் என்கிறதே, அதற்கும் நல்ல போர்டு வாங்கினால் தீருமா?


ஓய்வுபெற்ற மின்பொறியாளர் | செவ்வாய், காலை 7.40

தீராது. அது எர்த் இல்லாத பிளக். போர்டை விட்டுவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். இன்றைக்கே.


சாலிகிராமத்து எடிட்டர் | புதன், அதிகாலை 1.35

இரண்டு இரவு கையேடு படித்தேன். அண்ணா சொன்ன நட்சத்திரம் எல்லாம் உண்மை.

42,000 போர்டில் எம்.2 ஐந்து இருக்கிறது. இரண்டாவதில் எஸ்எஸ்டி மாட்டினால் கிராபிக்ஸ் ஸ்லாட் 16இலிருந்து 8 ஆகிறது. நான்காவதில் மாட்டினால் அடியில் உள்ள நீள ஸ்லாட் அணைந்துவிடுகிறது. படத்தில் எல்லாம் இருக்கிறது, ஒன்றாக இயங்காது! 16,000 போர்டில் எம்.2 இரண்டே இரண்டு. விஆர்எம் மேல் பாதிக்குத்தான் கட்டி இருக்கிறது, மீதி மொட்டை.

தேடியதில் பி650இ போர்டு ஒன்று 23,500க்குக் கிடைக்கிறது. எம்.2 இரண்டு நேராக ப்ராசஸருக்கு, மூன்றாவது சிப்செட்டுக்கு. கிராபிக்ஸ் ஸ்லாட்டில் யாரும் கை வைக்கவில்லை. 14 ஃபேஸ், கட்டி கனமாகத் தெரிகிறது. அடியில் நான்கு பாதை ஸ்லாட் ஒன்று, யாரோடும் பங்கு இல்லை.

சிக்கல் இனிமேல்தான். நடுவில் இருக்கும் சின்ன ஒற்றைப் பாதை ஸ்லாட் கிராபிக்ஸ் அட்டைக்கு அடியில் மாட்டிக்கொள்கிறது. ஸ்லாட்டுக்கு ஸ்லாட் 20 மில்லிமீட்டர் சொச்சம். என் அட்டை 60க்குப் பக்கத்தில் தடிமன். அட்டைப் பெட்டியைக் கத்தரித்து மாதிரி செய்து, ஒரே அளவில் அச்செடுத்த போர்டு படத்தின் மேல் வைத்துப் பார்த்துவிட்டேன். ஆக, மானிட்டர் அட்டையா, 10 ஜிகாபிட் அட்டையா? இரண்டில் ஒன்றுக்குத்தான் இடம்.


மூன்றாவது மாடி | புதன், காலை 8.50

அட்டைப் பெட்டி மாதிரி! இருபது வருடமாகக் கணினி கட்டுகிறேன், எனக்குத் தோன்றவில்லை.

ஒன்று கேட்கிறேன். நாஸில் வைத்தே எடிட் செய்கிறீர்களா, அல்லது எடிட் முடிந்த பிறகு அங்கே கொண்டுபோய்ப் போடுகிறீர்களா?


சாலிகிராமத்து எடிட்டர் | புதன், காலை 9.20

கொண்டுபோய்ப் போடுவதுதான். ஒரு கல்யாணத்துக்கு 400 ஜிபி வரும்.


மூன்றாவது மாடி | புதன், காலை 9.45

அப்படியானால் 10 ஜிகாபிட் வேண்டாம். போர்டிலேயே 2.5 ஜிகாபிட் வாய் இருக்கிறது. நொடிக்கு 280 எம்பி போகும். 400 ஜிபி போய்ச்சேர 25 நிமிடம். நீங்கள் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் முடிந்துவிடும். நாஸ் பெட்டியிலும் 2.5 இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அடி ஸ்லாட்டை மானிட்டர் அட்டைக்குக் கொடுத்துவிடுங்கள்.

ரேம் 48 ஜிபி குச்சி இரண்டாக வாங்குங்கள். நான்கு குச்சி போட்டால் ஏஎம்5இல் அதிகாரப்பூர்வ வேகம் 3600க்கு இறங்கிவிடும். அதற்கு மேல் ஓடினால் உங்கள் அதிர்ஷ்டம். ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் மாட்டுங்கள்.

பி650இ ரைசன் 9000க்கு முன்பே வந்த போர்டு. பழைய சரக்காக இருந்தால் பழைய பயாஸ் இருக்கும், உங்கள் ப்ராசஸரை அடையாளம் தெரியாது. பின்புறம் பயாஸ் ஃப்ளாஷ்பேக் பொத்தான் உண்டா என்று பாருங்கள். உண்டென்றால் பென் டிரைவை எஃப்ஏடி32ஆக ஃபார்மட் செய்து, கையேட்டில் சொன்ன பெயரைக் கோப்புக்கு வைத்து, பொத்தானை அழுத்தினால் போதும், பயாஸ் புதிதாகிவிடும், ப்ராசஸரே தேவையில்லை. விளக்கு மின்னி முடியும்வரை கரண்ட் போகக் கூடாது. யுபிஎஸ்ஸில் மாட்டிவிட்டுச் செய்யுங்கள்.


சாலிகிராமத்து எடிட்டர் | அடுத்த ஞாயிறு, இரவு 10.15

கட்டி முடித்தாயிற்று.

கடையில் மூடியைத் திறந்து படம் எடுக்கிறேன் என்றதும் பையன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். முதலாளி மட்டும் சிரித்துக்கொண்டே டார்ச் அடித்தார். பயாஸ் பழையதுதான். ஃப்ளாஷ்பேக் விளக்கு ஆறு நிமிடம் மின்னியது. அந்த ஆறு நிமிடமும் யுபிஎஸ்ஸையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதன் பிறகு பவர் பொத்தானை அழுத்தினால், திரையில் ஒன்றுமில்லை. விசிறி ஓடுகிறது, போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு, திரை இருட்டு. நான்கு நிமிடம் பொறுத்து, கழற்றிவிடலாம் என்று ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். வாசலில் நின்ற அம்மா, ‘கொஞ்சம் இரு, பால் பொங்குகிற வரைக்கும் நிற்க மாட்டாயா’ என்றார். நல்ல வேளை, நின்றேன். ஏழாவது நிமிடம் படம் வந்தது.


குரோம்பேட்டை கணக்கர் | அடுத்த ஞாயிறு, இரவு 10.22

அது ரேம் பயிற்சி, அதாவது ரேமுக்குப் பொருந்தும் அமைப்பைப் போர்டு சோதித்துப் பார்ப்பது. டிடிஆர்5 ரேம் முதல் முறை அப்படித்தான் நேரம் எடுக்கும். எத்தனை பேர் அந்த இருட்டில் பயந்து கழற்றி, பின்னை வளைத்திருக்கிறார்களோ. விஆர்எம் சூடு எவ்வளவு?


சாலிகிராமத்து எடிட்டர் | அடுத்த ஞாயிறு, இரவு 10.40

நேற்று இரவு ஏசி இல்லாமல், ஈகோ மோடில், நாலு மணி நேர ரெண்டர். 68 பாகையைத் தாண்டவில்லை. பொறியாளர் ஐயாவுக்கு நன்றி. போர்டில் மிச்சம் பிடித்த 18,500 ரூபாய் என் கையில் தங்கவில்லை. 2025 கடைசியில் ஏறிய ரேம் விலை அதை அப்படியே விழுங்கிவிட்டது.

மூடியை ரசீதோடு சேர்த்து ஒரு பழைய மிக்ஸ்சர் டப்பாவில் போட்டு, பீரோவில் வைத்திருக்கிறேன். அதன் மேல் ‘தூக்கிப் போடாதே’ என்று அம்மாவுக்காக எழுதியும் ஒட்டியாயிற்று.